புறம்போக்கு ஓவியங்கள்

எங்கள் வங்கிக் கிளையில், காசாளர் கூண்டுக்கு எதிர்ச் சுவரில், ஒரு படம் மாட்டியிருக்கிறது. செம்மண் தரை. இரண்டு பனைமரம். ஒரு ஐயனார் குதிரை. குடம் சுமந்து போகும் ஒரு பெண். அவளுக்கு முகம் கிடையாது. மேலே தட்டு மாதிரி ஒரு சூரியன். உதிக்கிறதா அடைகிறதா என்று சொல்ல முடியாது. நகையைத் திருப்ப வந்த ஒரு பெரியவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இது எந்த ஊரு சார்?"

"எந்த ஊருமில்லைங்க. பொதுவா ஒரு கிராமம்."

"பொதுன்னா, பொறம்போக்கா?"

அவர் கேலி செய்யவில்லை. ஜெயங்கொண்டத்தில் நிலம் வைத்திருப்பவர் எவரும் அந்த வார்த்தையைக் கேலியாகச் சொல்வதில்லை. மண் சார்ந்த ஓவியம், வட்டாரக் கலைஞன், இடத்தின் ஆன்மா என்றெல்லாம் நம் நண்பர்கள் எழுதியிருப்பதை நானும் விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் ஒன்றுகூட இந்தக் கேள்வியின் பக்கத்தில் வரவில்லை. மண்வாசனை என்ற சொல் நம் சிறுகதையைக் கெடுத்தது போதாதென்று இப்போது ஓவியத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஓவியக் கண்காட்சிக் கையேடு எதைத் திறந்தாலும் ஐந்திணை வந்துவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலக்காட்சியை உணர்ந்தவன் தமிழன் என்று முதல் வரி. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும். மரமும் பறவையும் தெய்வமும் கருப்பொருள்தான். அவை பின்னால் வருபவை. நம் ஓவியர்கள் கருப்பொருள் பட்டியலை எடுத்துக்கொண்டு முதற்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். பனை இருக்கிறது, குதிரை இருக்கிறது. எந்த நிலம், என்ன பொழுது என்று கேட்டால் பதில் இல்லை. உரிப்பொருளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு முகமே கிடையாதே, அவள் யாரைப் பிரிந்து வருந்துவாள்?

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1792லும் 1793லும் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தென்னாட்டில் சுற்றி வரைந்தார்கள். பார்க்க அழகான இடம், அதற்கு அளவு காட்ட நாலு மனிதர்கள். அது வழிப்போக்கனின் கண். அதில் பொய் இல்லை, அவர்கள் வழிப்போக்கர்கள்தான். பின்னால் சென்னை ஓவியப் பள்ளியில் பணிக்கர் முதல்வராக இருந்த 1957 முதல் 1967 வரையிலான காலத்தில் கேள்வி மாறியது. எது இந்தியத்தன்மை, எது நம்முடையது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமமே 1966இல் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடையாகக் கிடைப்பது குறியீடுதான்: எழுத்து, யந்திரம், கிராம தேவதை. எந்த ஊர் என்ற கேள்வி அங்கே எழவில்லை. பணிக்கருக்குக் குறியீடு ஒரு தேடலின் முடிவாகக் கிடைத்தது. இன்றைய முகாம் ஓவியனுக்கு அது கடையில் கிடைக்கும் சாமான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கையேடுகளில் இரண்டை நானே எழுதியிருக்கிறேன். ஒன்றில் 'மண்ணின் உயிர்ப்பு' என்று மூன்று முறை வருகிறது. ஒரு பொன்னாடையும் கிடைத்தது. மூன்றாவது முறை கங்கைகொண்ட சோழபுரத்தில் மூன்று நாள் முகாம். எல்லோரும் புல்தரையில் உட்கார்ந்து விமானத்தை வரைந்தார்கள். உள்வாங்கி வளையும் அந்தக் கோடு யாருக்கும் ஓரளவு கைகூடிவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்தபதி வேலையை முடித்து வைத்துவிட்டான். நான் வேறொன்றைக் காட்டினேன். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கல்லைத்தான் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணைக்கரையில் தண்ணீரைத் தடுத்து நிற்பது இங்கே இல்லாத மதில். அந்த இல்லாமையை வரையுங்கள் என்றேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் கூட்டிப்போகிறேன் என்றேன். "அங்க என்ன சார் இருக்கு, வெறும் குழி" என்றார் ஒருவர். கையேட்டுக்கு நான் எழுதிய பத்தி 'அரசியலாக' இருக்கிறது என்று நீக்கப்பட்டது. பொன்னாடை வந்தது.

வெறும் குழி! ஏக்ஸில் செஸான் வரைந்துகொண்டே இருந்த மலை எல்லோருக்கும் தெரியும். அந்த மலைக்குப் போகும் வழியில் பிபெமுஸ் என்று கைவிடப்பட்ட கல்வெட்டுக் குழி ஒன்று உண்டு. 1890களில் அங்கே போய் அந்தக் காவிப் பாறைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தான். பாறையை வெட்டிய மனிதனின் உளித்தடமும் வெயிலின் தடமும் ஒரே பரப்பில் வந்து நிற்கின்றன. க்யூபிஸம் என்று நாம் பாடம் படித்ததற்கு ஒரு வேர் அந்தக் குழியில் கிடக்கிறது. அரியலூர்ச் சாலையில் லாரித் தூசி படிந்து புளிய இலை பச்சையும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறத்தில் நிற்கிறதே, அதற்கு இன்னும் எந்த வண்ணக் குழாயும் திறக்கப்படவில்லை.

நம் பக்கத்தில் செய்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள், நாம் பார்த்த விதம்தான் கோணல். ஆதிமூலம் துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் 1938இல் பிறந்தவர். அவர் கோடுகளை நம் சிற்றிதழ்கள் அட்டையில் போட்டுக்கொண்டன, காந்தி வரிசையைப் புகழ்ந்தன. அவர் கோட்டை விட்டு எண்ணெய் வண்ணத்துக்குப் போனபோது, அருவம் என்றோ, சொந்த மண்ணின் நிறம் என்றோ ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டோம். அந்தப் படங்களில் சிறந்தவற்றில் பனை இல்லை, குதிரை இல்லை, பொழுது இருக்கிறது. கண் எவ்வளவு தூரம் போய் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. வானம் பார்த்த காட்டில் நின்றவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய தூரம் அது.

இளையராஜா விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் 1979இல் பிறந்து, கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்து, 2021இல் கொரோனாவில் போய்விட்டார். ஓட்டு வீட்டுக்குள் ஒரு பெண், அவள் தோளில் விழும் வெளிச்சம். 'போட்டோ மாதிரி இருக்கிறது' என்று சொல்லி நம் வட்டம் அவரை வெகுஜனப் பத்திரிகைக்குத் தள்ளிவிட்டது. எனக்கும் அவரிடம் புகார் உண்டு: அவருடைய வீடுகள் எப்போதும் நேற்றைய வீடுகள், நான் பார்த்த படங்களில் ஒரு பிளாஸ்டிக் குடம்கூட இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் ஓடு வேய்ந்த காவிரிக்கரை வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு விழும் வெளிச்சம். அந்தப் பெண்களுக்கு முகம் இருக்கிறது. பெரியவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் ஊர் கேட்டிருக்க மாட்டார். இது யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டிருப்பார்.

நிலக்காட்சி என்றால் என்ன என்று இந்த வேலைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. நாள் முழுக்க என் மேஜைக்குச் சிட்டாவும் அடங்கலும் புலப்படமும் வந்துகொண்டிருக்கின்றன. 1990களின் பிற்பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காகவும் அனல்மின் நிலையத்துக்காகவும் ஜெயங்கொண்டத்தைச் சுற்றி ஊர் ஊராக நிலம் எடுத்தார்கள். மின்நிலையம் வரவில்லை. இழப்பீட்டுத் தொகைக்காக அப்பன் போட்ட வழக்கை மகன் நடத்தினான். எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று அரசு சொன்னது 2021க்குப் பிறகுதான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பல இடங்களில் காகிதத்தில் நிலம் ஒருவருடையது, முந்திரிக் கொட்டை பொறுக்கிய கை வேறொருவருடையது. பயிர்க்கடன் கேட்டு வந்தவர்களிடம், இந்தச் சர்வே எண்ணுக்கு முடியாது என்று நானே சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் சைக்கிளில் போனால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே செம்மண், அதே முந்திரி, தை மாசியில் அதே பூ வாசனை.

ஓவியனுக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நான் நினைக்கிறேன். பார்வைக்கு மாறாமல் இருந்துகொண்டே வேறொன்றாகிவிட்ட நிலத்தை எப்படி வரைவது? கொடி பிடித்த விவசாயியை முன்னால் நிறுத்தினால் அது சுவரொட்டி. வெறும் முந்திரித் தோப்பை வரைந்தால் அது காலண்டர். இரண்டும் இல்லாத ஒன்று நிறத்திலும் இடைவெளியிலும் கிடைத்தாக வேண்டும். அது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரிந்தால் நான் ரசீதில் முத்திரை குத்திக்கொண்டிருக்க மாட்டேன். கலை ஆவணமல்ல என்று அடுத்த இதழில் ஒரு நண்பர் எழுதுவார். யார் என்றுகூட எனக்குத் தெரியும். செஸான் பிபெமுஸில் ஆவணமா எடுத்தான்? ஆனால் அவன் வரைந்த பாறையைப் பார்த்து இது எந்த ஊர் என்று ஏக்ஸ்காரன் எவனும் கேட்டிருக்க மாட்டான்.

பெரியவரின் டோக்கன் எண் வந்தது. நகையை வாங்கி ஒவ்வொன்றாக எண்ணி, பையில் போட்டு முடிந்துகொண்டார். அவருடைய இரண்டு ஏக்கர் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முடியாது என்று சொன்னவற்றில் அதுவும் ஒன்று. போகும்போது இன்னொரு முறை படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குதிரைக்கு நெழலு விழல பாருங்க சார்."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். விழவில்லை.