துரை ஒன்றும் பிரபு அல்ல

மலாக்காவில் கல்யாண வீடோ கருமாதி வீடோ, தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும்: "துரை காலத்துல நமக்கு என்ன குறை? லயம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அவர் குடுத்தது." படித்த பிள்ளைகள் இதற்கு நிலமானிய முறை என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை பிரபுவாம், நாம் அவரை அண்டிய குடிகளாம்.

இது ஐரோப்பியப் பிரபுக்களுக்கே அவதூறு. அங்கே பிரபுவின் முன் மண்டியிட்டு விசுவாசம் சொன்னவன் நிலத்தோடு எழுந்தான். நாளடைவில் அது அவன் பிள்ளைக்கும் போனது. ஒரு கோமகனின் வாரிசு நிலத்தை ஏற்க 100 பவுண்டு கட்டினால் போதும் என்று 1215-இல் மாக்னா கார்ட்டா அரசனையே கட்டிப்போட்டது. பண்ணையடிமைக்கு இந்த மரியாதை இல்லைதான். ஆனால் ஊர் வழக்கம் ஒப்பிய ஒரு துண்டு நிலமாவது அவனிடம் இருந்தது.

நிலமானியத்தை மலாக்காவிலேயே பார்க்கலாம். டச்சுக்காரர்கள் இங்கே தங்களுக்கு வேண்டியவர்களுக்கு நிலம் விட்டு, விளைச்சலில் பத்தில் ஒன்று வசூலிக்கும் உரிமையும் தந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதே பத்திலொன்றை மலாக்காவை ஒட்டிய நானிங்கில் கேட்டபோது அதன் தலைவர் டோல் சயிட் மறுத்தார். 1831-இல் வந்த படையை விரட்டியடித்தார், மறு ஆண்டு தோற்றார். சரணடைந்த அந்தக் கலகக்காரருக்கு ஆங்கிலேயர் ஓய்வூதியம் கொடுத்தார்கள். ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டியவனுக்கோ, 55 வயதானதும் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்.

தமிழருக்கும் மானியம் கிடைத்ததுண்டு. செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், ஜாலான் துக்காங் எமாஸில் இன்றும் நிற்கிறது. துரை கொடுத்ததாகச் சொல்லும் தோட்டத்துக் கோயிலின் நிலப் பட்டா யார் பெயரில் இருந்தது? கம்பெனியின் பெயரில். தோட்டம் கைமாறினால் சாமியும் வந்தேறிதான்.

துரையும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. 1896-இல் மலாக்காச் சீனர் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், அடுத்துப் புக்கிட் அசகானைத் திறந்தார். அந்தத் தோட்டம் சில ஆண்டுகளிலேயே லண்டன் கம்பெனிக்குப் போனது. துரை அந்தக் கம்பெனியின் சம்பளக்காரர், அவ்வளவுதான். காலையில் பேர் கொடுக்கப் பிரட்டில் நின்ற நமக்கு அவர் பெரியவராகத் தெரிந்தார், லண்டனில் அவர் பெயர் ஒரு சம்பளப் பட்டியலில் இருந்தது. பள்ளிக்கூடமும் அவர் தயவல்ல, திறக்கச் சொன்னது தொழிலாளர் சட்டம். அதையும் எத்தனை தோட்டங்களில் மாட்டுக் கொட்டகைபோலக் கட்டினார்கள் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும்.

பாதுகாத்தார் என்கிறீர்களே, அதே புக்கிட் அசகான் தொழிலாளர்கள் 1967-இல் வேலைநிறுத்தம் செய்து கோலாலம்பூருக்கு ஏன் நடந்தார்கள்? ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் துண்டு போட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் பங்கென்று எதையும் பெறவில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, தாங்கள் வளர்த்த மரங்களைத் தாங்களே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கப்பலேறுமுன் ஒரு தொழிலாளிக்கு ஒரு ஏக்கர் எழுதிக்கொடுத்த துரை யாராவது இருந்தால், அவரைப் பிரபு என்று அழைக்க எனக்கும் சம்மதம்.