கல்லில் எந்தப் பெயர் என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும்

மாண்புமிகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்கட்கு,



போரில் மாண்டவர்களுக்கு நினைவுக்கல் எழுப்பும்போது யாருடைய பெயரைப் பொறிப்பது, யாருடையதை விடுவது என்பதை இந்த நாட்டில் எப்போதும் அதிகாரத்தில் இருப்பவர்களே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். அந்த உரிமையை அரசு இறந்தவரின் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் ஊரான அளவெட்டிக்கு வடகிழக்கே சில கிலோமீற்றர் தூரத்தில் பலாலி. அங்கே இந்திய அமைதிப்படையினருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. 1987 ஒக்ரோபர் 11ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்ரரில் வந்திறங்கிய 30 சீக்கியச் சிப்பாய்களில் 29 பேர் விடிந்த பின் உயிரோடு இல்லை. அந்தப் படையின் இன்னொரு நினைவிடம் உங்கள் பாராளுமன்றத்துக்கு அருகிலேயே நிற்கிறது. 2008இல் எழுப்பப்பட்ட அதில் ஏறத்தாழ 1,200 பெயர்கள் உண்டு. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2015இலும் 2025இலும் அங்கே மலர்வளையம் வைத்தார். இதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. பஞ்சாபில் ஒரு தாய் பெற்று வளர்த்த பிள்ளை கொக்குவிலில் வந்து செத்தான் என்றால், அவன் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கத்தான் வேண்டும்.

அதே ஒக்ரோபர் 21ஆம் திகதி அதே படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளரையும் ஊழியரையும் சுட்டுக்கொன்றார்கள். வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களுமாக வேலையில் நின்ற 21 பேர் அதில் இறந்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் காப்பாற்றி வைத்திருப்பது அரசு அல்ல. கூட வேலை செய்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆண்டுதோறும் படங்களை வரிசையாக வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றிக் காப்பாற்றி வருகிறார்கள்.

இனிக் கோப்பாய்க்கு வருகிறேன். விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லம் அங்கே இருந்தது. உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல் என்று வரிசை வரிசையாகப் பெயர்கள் இருந்தன. போர் முடிந்தபின் அது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 2011இல் அந்த மண்ணின் மேலேயே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் எழுந்தது. மாவீரர் நாளான நவம்பர் 27ஆம் திகதி பின்னேரம் பெற்றோர் உள்ளே போக முடியாமல், பக்கத்துக் காணியில் கூடித் தீபம் ஏற்றினார்கள். கிளிநொச்சி கனகபுரத்தில் காணியாவது மிஞ்சியது, கல்லறைகள் மிஞ்சவில்லை. உடைந்த கற்களைச் சனம் பொறுக்கிக் குவித்து வைத்தது. ஒரு துண்டில் பெயரின் பாதி, இன்னொரு துண்டில் திகதியின் பாதி. தன் பிள்ளை எந்த இடத்தில் கிடக்கிறான் என்று தெரியாத தாய், மனதில் பட்ட ஓரிடத்தில் பூவை வைத்துவிட்டு 6.05க்கு மணி ஒலிக்கும்வரை நிற்கிறாள்.

நீங்கள் இதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஜனாதிபதி என்றே நான் நம்புகிறேன். 1971இலும் 1987 முதல் 1989 வரையும் அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தி மாண்ட தோழர்களை உங்கள் கட்சி இன்றும் நினைவுகூருகிறது. ரோஹண விஜேவீர கொல்லப்பட்ட நவம்பர் 13ஆம் திகதி அவர்களுக்காக ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது. மக்கள் விடுதலை முன்னணி 1983இல் தடைசெய்யப்பட்ட கட்சி. அந்தக் கிளர்ச்சிகளில் படையினரும் பொலிஸாரும் கொல்லப்பட்டார்கள். அப்படியிருந்தும் உங்கள் தோழர்களின் பெயர்களை மேடையில் வாசிப்பதை இன்று யாரும் தேசத்துரோகம் என்பதில்லை, அப்படிச் சொல்லவும் கூடாது. நவம்பர் 13க்கும் 27க்கும் இடையே இரண்டு கிழமைதான். முன்னதற்குக் கிடைத்த நியாயம் பின்னதற்கும் கிடைக்க வேண்டும். தடைச்சட்டம் ஓர் அமைப்பைத் தடைசெய்யலாம். பெற்ற பிள்ளையின் பெயரைக் கல்லில் எழுத ஒரு தகப்பனுக்கு உள்ள உரிமையை அது தொடக்கூடாது.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் நான் மறைக்கப் போவதில்லை. துயிலும் இல்லங்களில் இடம் கிடைத்தது ஓர் இயக்கத்துக்கு மட்டும்தான். 1986இல் அந்த இயக்கமே அழித்த ரெலோ இளைஞர்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ஈ.பி.ஆர்.எல்.எவ்., புளொட், ஈரோஸ் என்று மற்ற இயக்கங்களுக்குப் போனவர்களுக்கும், அமைதிப்படைக் காலத்தில் வீதியில் பிடித்துச் சென்று தமிழ்த் தேசிய இராணுவத்தில் சேர்க்கப்பட்டுச் செத்த பொடியன்களுக்கும் இடம் இருக்கவில்லை. கடைசிப் போரில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, துவக்குப் பிடிக்கப் பழகுமுன்னே மாண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் சிலர் அந்தப் பெயரைப் போராளிகளின் வரிசையில் பார்க்க விரும்பமாட்டார்கள். அந்த மறுப்பையும் நாங்கள் மதிக்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோர் விடயம் இதைவிட நுட்பமானது. இராணுவத்திடம் கையளித்த பிள்ளையைத் தேடி வீதியோரக் கொட்டிலில் ஆண்டுக்கணக்காக இருக்கும் தாயிடம் போய் “பெயரைத் தாருங்கள், கல்லில் வெட்டுகிறோம்” என்று சொன்னால், பிள்ளை செத்துவிட்டது என்று அவளையே ஒப்பமிடச் சொல்வதாக ஆகும். இந்த வேதனை தெற்கிலும் உண்டு. காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகளில் சுமார் 5,000, காணாமற்போன படையினரின் குடும்பங்களிடமிருந்து வந்தவை. சீதுவைக்கு அருகே ரத்தொலுகமவில் ஒவ்வொரு ஒக்ரோபர் 27ஆம் திகதியும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு கூடுகிற சிங்களத் தாய்மாரை உங்களுக்குத் தெரியும். ஒரு பெயரைக் கல்லுக்கு அனுப்பும் நாள் எது என்பதை அந்தத் தாய்மார்தான் சொல்ல வேண்டும். எந்த அலுவலகமும் அதை முந்திக்கொள்ளக் கூடாது.

பெயரை விட்டவர்கள் பின்னாளில் வெட்கப்பட்டதை உலகம் கண்டிருக்கிறது. முதலாம் உலகப் போரில் தப்பியோடினார்கள், கோழைகள் என்று பிரித்தானியா தன் கையாலேயே சுட்டுக்கொன்ற 306 சிப்பாய்களுக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது. அதன் பின்னரே சில ஊர்களின் நினைவுத் தூண்களில் அவர்களின் பெயர்கள் ஏறின. நிறம், பதவி பாராமல் எல்லாரையும் சமமாக நினைவுகூருவோம் என்று 1917இல் தொடங்கிய பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்க, ஆசியப் படையினரின் பெயர்களை எழுதவே இல்லை என்று 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. ஜப்பானின் ஒகினாவாவில் 1995இல் எழுப்பிய அமைதிக் கற்களில் போரில் மாண்ட 2,40,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. ஜப்பானியர், அமெரிக்கர், பிரித்தானியர், கொரியர், தாய்வானியர், ஒகினாவாப் பொதுமக்கள் என எல்லாரும் அங்கே உண்டு. ஆண்டுதோறும் புதிதாகத் தெரியவரும் பெயர்களைச் சேர்க்கிறார்கள். தம் பிள்ளையை ஜப்பானியரோடு சேர்த்து எழுத வேண்டாம் என்று சில கொரியக் குடும்பங்கள் மறுத்தபோது அந்தப் பெயர்கள் எழுதப்படவில்லை.

மாத்தறையிலோ குருநாகலிலோ ஒரு தாய் உங்களைக் கேட்பாள்: “என் மகனைக் கொன்றவனுக்குமா கல்?” அவளுடைய கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. பத்தரமுல்லையில் படைவீரர் நினைவுச் சுவரில் உள்ள 27,000க்கும் மேற்பட்ட பெயர்களில் அவள் மகன் பெயர் இருக்கும். அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும். அதில் எங்கள் பெயர்களைக் கொண்டுவந்து நுழைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தாய்க்கு ஒரு சுவர் இருப்பதுபோல எங்கள் தாய்மாருக்கும் ஒன்று இருக்கட்டும் என்பதே கோரிக்கை. இதனால் அவளுடைய மகனின் பெயருக்கு ஒரு குறையும் வராது.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, துயிலும் இல்லங்கள் இருந்த காணிகளில் எங்கெல்லாம் இராணுவம் இன்னும் நிற்கிறதோ, அங்கிருந்து அது வெளியேற வேண்டும். அந்தக் காணிகளைக் குடும்பங்களின் பொறுப்பில் விட வேண்டும்.

இரண்டாவது, ஒரு பெயரை எழுதுவதும் விடுவதும் குடும்பத்தின் சொல்லாக மட்டும் இருக்க வேண்டும். இராணுவமோ, புலனாய்வுப் பிரிவோ, அரசியல் கட்சியோ, பழைய இயக்கத்தின் பெயரால் பேசுகிறவர்களோ அதில் கை வைக்கக்கூடாது.

மூன்றாவது, பிரதேச செயலகந்தோறும் ஒரு திறந்த பதிவேடு வேண்டும். அதில் பெயர், ஊர், இறந்த ஆண்டு போதும். பதவியும் பட்டமும் பக்கமும் வேண்டாம். எந்த இயக்கத்தவர் என்றாலும், பொதுமகன் என்றாலும், அரச படையில் இருந்த தமிழன் என்றாலும் கேட்டால் எழுதிக்கொள்ள வேண்டும். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கு நினைவுச்சின்னங்கள் அமைக்கும் பொறுப்பும் ஏற்கெனவே உண்டு. புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பிள்ளையின் திகதியையும் இடத்தையும் சரியாகச் சொல்லக்கூடிய தாய்தகப்பன்மார் எங்கள் ஊர்களில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனபின் திறக்கிற பதிவேட்டில் எழுத ஆள் இருக்காது. பதிவேட்டை இந்த ஆண்டே திறவுங்கள்.

இங்ஙனம்,
அளவெட்டி வாசி ஒருவர்