துதிக்கை தூக்கிய லை

உத்திரமேரூர் வட்டாரத்து ராஜகுளத்திலிருந்து ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ் இந்த வாரம் வந்தது. பிரித்ததுமே மனசு குளிர்ந்தது. வழக்கமான தடித்த தங்க எழுத்து இல்லை. யாரோ அவசரப்படாமல் பேனா பிடித்து எழுதியதுபோலச் சற்றே சாய்ந்த எழுத்து. முனைகள் மழுங்கி, சுழிகள் கொஞ்சம் தளர்ந்து, வரி ஒரே மட்டத்தில் நிற்காமல் லேசாக ஏறி இறங்கியது. 'அன்புடையீர்' என்ற சொல்லே வாசலுக்கு வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஃபிளெக்ஸ் பேனர் எழுத்துகள்மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் என் சந்தோஷமும் புரியும்.

கையெழுத்துச் சாயலில் தமிழ் எழுத்துருக்கள் இன்னும் போதுமான அளவுக்கு வரவில்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கிறது. சாய்வெழுத்து, கண்ணுக்கு இதம். ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பேர்போனது 'காமிக் சான்ஸ்'. மைக்ரோசாஃப்டில் இருந்த வின்சென்ட் கான்னேர் 1994இல், கணினித் திரையில் பேசும் ஒரு கார்ட்டூன் நாயின் வசனத்துக்காக அதை வரையத் தொடங்கினார். 2012இல் ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பின்போது செர்ன் விஞ்ஞானி ஃபபியோலா ஜியனோட்டி அந்த எழுத்தில் படங்காட்டி விளக்கியதைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. பெரிய விஷயத்தை நட்பான எழுத்தில் சொல்வதில் என்ன குறை?

அளவு மட்டும் தெரிய வேண்டும். நாலு வரி வாழ்த்து, பலகாரக் கடை டப்பாமேல் ஒட்டும் சீட்டு, பள்ளிக்கூட வாசல் அறிவிப்பு, இவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். பங்காளி, சம்பந்தி என்று இரண்டு பக்கத்துக்குப் பெயர் அடுக்கினால் கண் அலுத்துவிடும். காரணம், எத்தனை 'க' வந்தாலும் அத்தனையும் ஒரே வார்ப்பு. கையால் எழுதினால் சொல்லின் முதலில் வரும் க வேறு, வேகம் பிடித்தபின் வரும் க வேறு. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று உருவம் வரைந்து மாற்றி மாற்றி வரவைக்கும் வசதி இன்றைய எழுத்துருக்களில் உண்டு. தமிழுக்கு அதை அதிகம் பேர் செய்வதில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். 'மாலை 6 மணியளவில்' என்ற வரியில் இருந்த லைதான் என்னை உறுத்தியது. அது பாடப்புத்தக லை.

அதே ராஜகுளத்தில் என் பெரியம்மா எழுதும் மளிகைச் சீட்டைப் பார்க்க வேண்டும். கடலை, வெற்றிலை, தலைவலித் தைலம் என்று எழுதும்போது ஒவ்வொரு லையும் துதிக்கை தூக்கி நிற்கும். ஐகாரக் குறி முன்னால் தனியாக நிற்காது. லகரத்தோடு ஒட்டி மேலே எழும்பி வளையும். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடுவார். பேத்தி அந்தச் சீட்டைக் கடைக்கு எடுத்துப் போகும்போது, "ஆயா, இது இன்னா எழுத்து?" என்று கேட்கிறாள். "லை தாண்டி. யானை லை."

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அச்சுக்கோப்பவருக்குத் தனித்தனி அச்சு தேடும் பாடு குறைந்தது. பிள்ளைகளுக்கு விதி ஒன்றானது. ஆனால் அச்சை மனதில் வைத்து வந்த மாற்றம் அது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களின் விரல் அதற்குக் கட்டுப்படவில்லை. கையெழுத்து என்று சொல்லிக்கொண்டு வருகிற எழுத்துரு, அந்தக் கைகளைப் பார்க்காமலேயே வந்தால் எப்படி?

இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. வருகிறவர்கள் அவற்றில் உள்ள ஊர்ச்சபைத் தேர்தல் முறையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் ஓலைகளை நினைத்துக்கொள்கிறேன். ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் எடுத்துத் தர வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். மண்டபத்தில் உள்ள பூசகர்களான நம்பிமாரும் அதையே வாசிக்க வேண்டும். கல்லில் இருப்பது உளியின் எழுத்து. ஓலையில் இருந்தது எழுத்தாணி பிடித்த கையின் எழுத்து. அந்நாளில் புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. எ, ஏ வேறுபாட்டை வாசிப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை நம்பி ஒரு சபை நடந்த வட்டாரத்தில், ஆயாவின் சீட்டு பேத்திக்குப் புரியவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுத்துரு செய்கிற இளைஞர்களிடம் நான் கேட்பது பெரிய உதவி அல்ல. உத்திரமேரூர் சந்தையில் ஒரு நாள் உட்கார்ந்து, வயதானவர்களிடம் ஆளுக்கொரு மளிகைச் சீட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் துதிக்கைகளை மாற்று உருவங்களாக உங்கள் எழுத்துருவில் சேர்த்துவிடுங்கள். ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியெண்கள்தான். அழைப்பிதழ் அடிக்கிறவர் வழக்கம்போல் ல, ஐகாரக் குறி என்று தட்டினால் போதும், எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை.