மலிவான ரீலும் கட்டைவிரலும்

தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஆங்கில இலக்கியம் வழியாக நாம் அறிந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் டிரவுட் மீனைப் பற்றியதே. ஹெமிங்வேயின் 1925ஆம் ஆண்டுக் கதையான 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' ஆகட்டும், நார்மன் மக்லீன் 1976இல் வெளியிட்ட 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' ஆகட்டும், குளிர்ந்த ஓடையும் அதில் எதிர்நீச்சலிடும் டிரவுட்டும்தான் அங்கே மையம். ஆனால் அமெரிக்காவில் விடுமுறை நாளில் தூண்டிலோடு கிளம்புகிறவர்களில் மிகப் பலர் தேடிப் போவது பாஸ் என்னும் மீனை. அணை நீர்த்தேக்கங்களிலும் பண்ணைக் குட்டைகளிலும் பாசி மண்டிய ஏரிக்கரைகளிலும் வாழ்கிற மீன் அது. நகரத்துக் குளத்தில்கூடக் கிடைக்கும். இலக்கியம் அதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. வணிகம் நன்றாகவே கண்டுகொண்டது.

அந்த வணிகத்தின் நடுநாயகமாக இருப்பது பெய்ட்காஸ்டிங் ரீல். நூறு டாலருக்குள் நல்லதொன்று கிடைக்கிறது. நானூறு, ஐந்நூறு டாலருக்கும் கிடைக்கிறது. புதிதாக வருகிறவரிடம், விலை கூடினால்தான் தொல்லை குறையும் என்று சொல்லப்படுகிறது. இந்த அறிவுரை பாதிதான் உண்மை என்பதும், மீதிப் பாதி பலரை வீண் செலவுக்கோ மனச்சோர்வுக்கோ தள்ளுகிறது என்பதும் நமது கருத்து. அதை விளக்க, முதலில் கருவியைப் பார்க்க வேண்டும்.

ரீல் இல்லாத மூங்கில் தூண்டிலை மட்டும் கண்டவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பரவலாகப் புழங்கும் ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றிய உருளை அசையாமல் நிற்கும். வீசும்போது நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழன்று நரம்பைக் கொடுக்கிறது. வீசிய கணத்தில் பொய்யிரை வேகமாகப் பறக்க, உருளையும் வேகம் கொள்கிறது. பின்னர் காற்றின் தடையால் இரையின் வேகம் குறைகிறது. உருளைக்கு அது தெரியாது. பெற்ற வேகத்திலேயே சுழன்று, இரைக்குத் தேவையானதைவிட அதிக நரம்பை வெளியே தள்ளுகிறது. விளைவு, தலைமுடியில் விழுவதைப் போன்ற பெருஞ்சிக்கு. அமெரிக்கர்கள் அதைப் பறவைக்கூடு என்கிறார்கள்.

இந்தச் சிக்கல் கருவியோடு பிறந்தது. 1800களின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கலைஞர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும்படியான ரீலைச் செய்தார். அவருக்குப் பின் மீக் சகோதரர்களும் அதே மாநிலத்தில் அத்தொழிலைத் தொடர்ந்தனர். அவை கடிகாரத்துக்குரிய நுட்பத்தோடு ஒவ்வொன்றாகக் கையால் செய்யப்பட்டவை. வசதி படைத்தவர்களுக்கு உரியவை. நூற்றாண்டின் இறுதியில், 1896இல், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த ஒருவர், நரம்பை உருளையின் இரு ஓரங்களுக்கும் இடையே சீராகப் பரப்பிச் சுற்றும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். நாடகாசிரியருக்கும் அவருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. அதுவரை விரலால் செய்துவந்த ஒரு வேலையைப் பொறி எடுத்துக்கொண்டது. ஆயினும் உருளையின் வேகத்தை அடக்கும் வேலை கட்டைவிரலிடமே இருந்தது.

இன்றைய ரீல்களில் அதற்கும் துணை உண்டு. காந்த பிரேக்கில், சுழலும் அலுமினிய உருளைக்கு அருகே காந்தங்கள் இருக்கும். சுழற்சியால் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். மையவிலக்கு பிரேக்கில், சிறு கட்டைகள் சுழற்சியால் வெளிப்புறம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தின்மீது உரசி வேகத்தைத் தணிக்கும். இவ்விரண்டும் இன்று மலிவான ரீல்களிலும் உள்ளன. மிக விலையுயர்ந்தவற்றில் மின்னணுச் சில்லே உருளையின் வேகத்தைக் கணித்து பிரேக் போடுகிறது. இலேசான உருளை, துல்லியமாகக் கடைந்த பற்சக்கரம், வளையாத உலோகச் சட்டகம் ஆகியவையே கூடுதல் விலைக்குக் கிடைப்பவை. அவற்றின் மதிப்பை நாம் மறுக்கவில்லை. நாளெல்லாம் வீசிக்கொண்டிருக்கும் போட்டியாளருக்கு அவை தேவைதான். ஆனால் மாதம் இருமுறை ஏரிக்கரைக்குப் போகிறவருக்கு அவற்றால் வரும் ஆதாயம், அவரது விரல் கற்றுக்கொள்வதால் வரும் ஆதாயத்தில் சிறு பங்குதான்.

அப்படியானால் மலிவானவற்றில் எதை வாங்குவது? பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையை முதலில் மறந்துவிடலாம். தரமற்ற பத்து பேரிங்குகளைவிடத் தரமான நான்கு மேல். ரீலைக் கையில் எடுத்துக் கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். நரம்பை மெல்ல இழுத்தால் டிராக் வெட்டி வெட்டிக் கொடுக்காமல் ஒரே சீராக விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய மீன் பாயும்போது நரம்பு அறுபடாமல் காப்பது அதுதான். பிரேக்கை மாற்றியமைக்கும் திருகு பெயரளவில் இல்லாமல், ஒவ்வொரு நிலைக்கும் வேறுபாடு காட்ட வேண்டும். கியர் விகிதம் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான பொய்யிரைகளுக்குப் பொருந்தும். எந்தக் கையால் சுற்றப் போகிறோம் என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். ஸ்பின்னிங் ரீலைப் போல இதில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது. உதிரிப் பாகம் கிடைக்கும் நிறுவனத்தின் ரீல்தானா என்பதும் முக்கியம். இருபது டாலருக்கு விற்கும் பெயர் தெரியாத ரீல் பழுதானால் குப்பைக்குத்தான் போகும். அதற்கு, நன்கு பேணப்பட்ட பழைய நடுத்தர ரீல் ஒன்றை வாங்குவது மேல்.

இனிக் கற்றல். அரை அவுன்ஸ் அளவிலான, முள் நீக்கிய பொய்யிரையைக் கட்டிக்கொண்டு புல்வெளியில் பழகுவது நல்லது. தொடக்கத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு போதும். பின்னல் நரம்பில் விழும் சிக்கைப் பிரிப்பது கடினம். கைப்பிடியின் பக்கம் இருக்கும் சிறு திருகைச் சரிசெய்து, விசையை அழுத்தினால் இரை மெல்ல இறங்கித் தரை தொட்டதும் உருளை நின்றுவிடும்படி அமைக்க வேண்டும். பிரேக்கை அதிகமாக வைத்துத் தொடங்கிப் பழகப் பழகக் குறைக்கலாம். வீசும்போது கட்டைவிரல் உருளையைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரை தொடப்போகும் நேரத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும். எதிர்க்காற்றில் பிரேக்கைக் கூட்ட வேண்டும். முழு வீச்சுக்குரிய நரம்பை வெளியே இழுத்துவிட்டு, உருளையில் எஞ்சியிருப்பதன்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிச் சுற்றிவிட்டால், சிக்கு அதற்குக் கீழே இறங்காது. அப்படியும் சிக்கு விழுந்தால், உருளையைக் கட்டைவிரலால் இறுக அழுத்தியபடி கைப்பிடியை ஓரிரு சுற்றுச் சுற்றிவிட்டு நரம்பை இழுத்தால் பல வேளைகளில் தானே பிரிந்துவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஸ்பின்னிங் ரீலே போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலேசான இரைகளுக்கு அதுவே சிறந்தது. அதனோடு மனநிறைவு கொள்பவர்களை நாம் மாற்ற வரவில்லை. ஆனால் பாஸ் மீன் பதுங்குவது மூழ்கிய மரக்கட்டையின் அடியிலும் நீர்த்தாவரங்களின் நடுவிலும். அங்கிருந்து அதை இழுத்துவரத் தடித்த நரம்பு வேண்டும். ஒரு சாண் இடைவெளியில் இரையை இறக்கும் குறி வேண்டும். இரண்டிலும் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கே கூடுதல் வசதி. அதிலும் குறியைத் தருவது பறக்கும் இரையை நடுவழியில் தடுக்கத் தெரிந்த கட்டைவிரல்தான். எவ்வளவு விலை கொடுத்தாலும் சில்லு நமக்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தராது.

சிக்கை வெட்டி எறிகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நைலான் நரம்பு நீரில் பல்லாண்டுக் காலம் மட்காமல் கிடக்கும். கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். வெட்டியதைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவருவதும் இக்கலையின் பகுதியே.

1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய் பாஸ் ஒன்றைப் பிடித்தார். எடை போட்டபின் அந்த மீன் அவர் குடும்பத்துக்கு உணவாயிற்று. அது உலகச் சாதனையாக நின்றது. 2009 ஜூலையில் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் கூடுதலான மீனைப் பிடித்தார். சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக வேண்டும் என்ற விதியால் அது சமன் என்றே பதிவாயிற்று. இடைப்பட்ட எழுபத்தேழு ஆண்டுகளில் ரீல்கள் அடைந்த வளர்ச்சியை நினைத்துப் பார்த்தால், பெர்ரியின் எளிய கருவி தலைகுனிய வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஆண்டு முதல்முறையாக உரிமம் வாங்கி ஏரிக்கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நூறு டாலருக்குள் நேர்மையாகச் செய்யப்பட்ட ஒரு ரீலை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல நரம்பும் இரண்டு மூன்று பொய்யிரைகளும் ஒரு சிறு புட்டி எண்ணெயும் வாங்கலாம். முதல் இரண்டு வாரங்கள் சிக்கு விழுந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக ரீலை மாற்ற வேண்டாம்.