அறுபதுக்கு முன்பே வந்தால்?

மறதி நோய் என்றாலே பத்திரிகைகளில் தாத்தா, பாட்டி படம்தான். ஆனால், 1901இல் பிராங்க்பர்ட்டில் டாக்டர் அல்சைமர் பரிசோதித்த மறதி நோயாளி ஆகுஸ்டே டேட்டருக்கு வயது 51. என் கணவருக்கும் ஐம்பதைத் தாண்டியதுமே தொடங்கிவிட்டது. அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர், கூட்டல் தப்பியபோது, "குடிக்கிறாரா?" என்று என்னிடமே கேட்டார்கள். மருத்துவரோ மன உளைச்சல் என்று மாத்திரை எழுதினார். பிறகு, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்லி நெருக்கடி. மகள் அப்போது பிளஸ் டூ.

பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆவது பிரிவு. இதை எனக்குச் சொன்னவர், பராமரிப்போர் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. "ஏ.டி.எம். கார்டை இப்பவே வாங்கி வச்சுக்கோம்மா, சட்டைக் காலர் உள்பக்கம் போன் நம்பரைத் தைச்சு விடு" என்றதும் அவர்தான். எந்த மருந்துச்சீட்டிலும் இதெல்லாம் இல்லை.

முதியோர் உதவித்தொகை, முதியோர் நல மருத்துவப் பிரிவு எல்லாமே அறுபதில்தான் கதவைத் திறக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒருமுறை, வயது கேட்காமல், இப்படியொரு கூட்டத்துக்கு ஓர் அறை ஒதுக்கினால் போதும். டீ செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

- ஒரு வாசகி, திருச்சி