நூற்றுக்கு மூன்று எங்கே போயிற்று?

அரசாங்கத்தில் நூறு வேலை காலியாக இருக்கிறது. அதில் மூன்றை மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1995-ம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. கண் தெரியாதவருக்கு ஒன்று. காது கேளாதவருக்கு ஒன்று. கை, கால் ஊனமானவருக்கு ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் போடக்கூடிய கணக்கு!

ஆனால் மேல் பிரிவு உத்தியோகங்களுக்கு அதிகாரிகள் வேறு கணக்குப் போட்டார்கள். இவர்களால் எந்தெந்த வேலை செய்ய முடியும் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதினார்கள். நூறு வேலையில் முப்பதுதான் பட்டியலில் ஏறியது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த முப்பதில் நூற்றுக்கு மூன்று என்றால் எவ்வளவு? ஒரு முழு ஆள் கூட இல்லை!

பார்வையற்றோரின் தேசிய சம்மேளனம் கோர்ட்டுக்குப் போயிற்று. மொத்தக் காலி இடங்களை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்று 2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சட்டம் பிறந்து 18 ஆண்டு ஆன பிறகு! அதற்குள் வயது வரம்பைத் தாண்டி, திண்ணையில் உட்கார்ந்து விட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன லாபம்?

2016-ல் புதுச் சட்டம் வந்தது. மூன்று, நான்கு ஆயிற்று. பழைய சட்டத்தில் இருந்த ஒரு நல்ல விதி இதிலும் இருக்கிறது. அரசு பஸ் டிரைவர் ஒருவருக்கு விபத்தில் கால் போய்விட்டது என்றால், "வீட்டுக்குப் போ" என்று சொல்லக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த விதியால்தான்.

சரி, தனியார் கம்பெனிகள்? அங்கேதான் சட்டத்தின் குரல் தாழ்ந்து விடுகிறது. நூற்றுக்கு ஐந்து பேரையாவது வைத்துக் கொள்ளும்படி அரசாங்கம் சலுகை கொடுத்து ஊக்கப்படுத்த வேண்டுமாம். அதுவும் அரசாங்கத்துக்கு வசதி இருந்தால்! கட்டாயம் என்ற பேச்சே இல்லை.

இது போதாது. "என் கம்பெனி, என் பணம். என்னை ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?" என்று முதலாளி கேட்கலாம். பிராவிடண்டு பண்டு மட்டும் அவர் ஆசைப்பட்டா கட்டுகிறார்? சட்டம் சொல்கிறது, கட்டுகிறார்.

ஜெர்மனியைப் பாருங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், அரசாங்கமானாலும் தனியாரானாலும், நூற்றுக்கு ஐந்து வேலை கடும் ஊனம் உள்ளவர்களுக்கு. ஆள் வைக்காத முதலாளி, குறைகிற ஒவ்வொரு இடத்துக்கும் மாதக் கணக்குப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் இடங்களில் அவர்களுக்கு வேண்டிய கருவிகளும் வசதிகளும் செய்து தர அந்தப் பணம் உதவுகிறது. பணத்தைக் கட்டிவிட்டு, ஆளை வைக்காமல் இருக்கிற முதலாளிகள் அங்கேயும் உண்டு. இங்கே அவர்களுக்கு அந்தச் செலவு கூட இல்லை.