படிக்கட்டும் பண்பாடும்

ஏட்டில் படிக்கும் வரலாறு ஒருவகை. நேரிற் சென்று காணும் வரலாறு பிறிதொரு வகை. பினாங்கு, ஜார்ஜ் டவுன் நகரிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்றாகும். முன்னாளில் ‘பிட் ஸ்திரீட்’ எனப் பெயர் பெற்றிருந்த அச்சாலையில், காதர் மொகிதீன் தலைமையில் இந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் நிற்கிறது. அச்சாலையிலேயே 1818இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும் சீனரின் குவான் இன் கோயிலும் உள்ளன. அருகில் குயின் ஸ்திரீட்டை நோக்கிய வாயிலுடன் மகா மாரியம்மன் ஆலயம் விளங்குகிறது. சுவீடன் நாட்டார் 1891இல் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தை அமைத்தபோது, பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தினர். நமக்கோ அவ்வுழைப்பு வேண்டியதில்லை. பாங்கொலியும் மணியோசையும் பூத்தொடுக்கும் கைகளும் இடம்பெயராமலே இங்கு வாழ்கின்றன. ஆகவேதான் நம் மாணவரை ஆண்டுதோறும் இங்கு அழைத்து வருகிறோம்.

ஆயின், இவ்வரலாற்றைக் காணும் உரிமை நடக்க வல்லார்க்கு மட்டுந்தானா?

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் இணைந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதே நாளில்தான் மலேசியாவின் மாற்றுத் திறனாளிகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பொதுக் கட்டடங்களை அணுகும் உரிமையையும் பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமையையும் அச்சட்டம் கூறுகிறது. எனினும், அது இயற்றப்பட்டபோது மீறுவோர்க்குத் தண்டனை எதுவும் அதில் வைக்கப்படவில்லை. ஒரே நாளில் பிறந்த இரட்டையருள் பாரம்பரியம் ஆண்டுதோறும் விழாக் காண்கிறது. உரிமையோ வாயிற்படியில் காத்துக் கிடக்கிறது.

மக்கள் ‘அஞ்சடி’ என்றழைக்கும் ஐந்தடி நடைபாதையைப் பாருங்கள். கடைக்குக் கடை தரைமட்டம் மாறுகிறது. படியில்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதுவும் இல்லாத இடத்தில் விற்பனைப் பொருள் குவிந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் வண்டிகள் விரையும் தெருவில்தான் இறங்க வேண்டும்.

“பழமையில் கைவைக்கலாகாது, சாய்தளம் அமைத்தால் பாரம்பரியம் கெடும்” என்பார் உளர். எந்தப் பழமையைச் சொல்கிறார்கள்? 1822இல் சிங்கப்பூருக்கு நகரமைப்பு வகுத்த ராபிள்ஸ், தெருவின் இருமருங்கும் தடையின்றித் தொடர்ந்து செல்லும் கூரையுடைய நடைவழி வேண்டுமெனக் கட்டளையிட்டார். அவ்வமைப்பே பிற ஊர்களிலும் பரவிற்று. 1888இல் சிங்கப்பூர் நகராட்சி அந்நடைவழியிலுள்ள தடைகளை நீக்க முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலகமும் மூண்டது. ஆக, தடையின்றிச் செல்வதே அஞ்சடியின் மூலப் பண்பு. அதனைச் சமன்செய்வது பழமையைக் காப்பதேயன்றி அழிப்பதாகாது.

பள்ளிவாசலும் 1801இல் எழுந்த வடிவிலேயே நிற்கவில்லை. தொழுவோர் பெருகப் பெருக அது விரிவடைந்தது. வருவோர்க்கேற்ப இடங்கொடுத்து வளர்ந்ததை இன்று பாரம்பரியம் என்று போற்றுகிறோம். ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோயில்களைத் தாங்கும் ஏதென்சு நகரின் அக்ரோபோலிஸ் குன்றிலேயே, நடக்கவியலாதோர்க்கென 2020இல் புதிய மின்தூக்கி அமைத்தார்கள். அங்குக் கெடாத பழமை, இங்கு ஒரு சாய்பலகையால் கெட்டுவிடுமோ?

“நாங்கள்தாம் தூக்கிச் செல்கிறோமே” என்று நல்லெண்ணத்தோடு கூறுவாரும் உண்டு. அவர்தம் அன்பை நான் குறைகூறேன். ஆனால், பதினொரு வயதுச் சிறுவனை நண்பர்கள் முன்னிலையில் மூட்டையைப்போல் தூக்கி இறக்கும்போது அவன் முகத்தைப் பார்த்ததுண்டா? ஆலயத்தைக் காணாமல் தலைகுனிந்திருப்பான். அடுத்த முறை, “நான் பேருந்திலேயே இருக்கிறேன், ஐயா” என்பான். அதனை நாம் அடக்கம் என்று பாராட்டுவோம்! இரக்கம் வேறு, உரிமை வேறு. இரக்கம் தூக்குவோரின் கையை நம்பியிருப்பது. உரிமை தானே செல்ல வழிதருவது.

“அத்தகையோர் எத்தனைபேர் வருகிறார்கள்?” என்று கேட்பது, கதவைப் பூட்டிவைத்துவிட்டு விருந்தினர் இல்லையே என்பது போலாம். முதுமை எல்லார் முழங்காலையும் ஒருநாள் தட்டும்.

ஆசிரியப் பெருமக்களே, சுற்றுலாவுக்கு நாள் குறிக்கும் முன் வழியை அளந்து வாருங்கள். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொதுவான அளவுமுறை. ஆறங்குலப் படிக்கு ஆறடி போதும். இதனை மாணவர்களையே கணக்கிடச் செய்யுங்கள், கணிதப் பாடமாகும். தடைகளைப் பட்டியலிட்டு மாநகர் மன்றத்திற்கு எழுதச் செய்யுங்கள். அதுவே கடிதக் கட்டுரைப் பயிற்சியுமாகும். நிலையான சாய்தளத்திற்கு இடமில்லையெனில், எடுத்து வைக்கும் சாய்பலகையைக் கேளுங்கள். கோயிலாரிடமும் பள்ளிவாசலாரிடமும் கடைக்காரரிடமும் பணிவோடு, ஆனால் விடாது கேளுங்கள்.

நால்வகைச் சமயத்தார் அருகருகே வழிபடுவதால் இதனை ‘நல்லிணக்கச் சாலை’ என்கிறோம். அப்பெயர் முற்றும் மெய்யாக வேண்டுமாயின், பேருந்தில் ஒரு மாணவனும் எஞ்சியிருத்தல் ஆகாது.